எட்டுக்கால் பூச்சியின் தூக்கப் பதிவேடு

எட்டுக்கால் பூச்சி தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்று பார்த்து எழுதுவதற்காகவே ஒரு சர்க்கார் ஆபீஸ் நடந்த ஊர் இந்தப் பூமண்டலத்தில் ஒன்றே ஒன்றுதான். அது லண்டன் அல்ல, பாரிஸ் அல்ல. அருப்புக்கோட்டை. அந்த ஆபீஸில் ‘தூக்கக் குமாஸ்தா’வாக இருந்தவன் அடியேன். சம்பளம் வாங்கிக்கொண்டு தூங்கியவர்கள் சரித்திரத்தில் ஏராளம். அடுத்தவர் தூக்கத்தைப் பார்த்துச் சம்பளம் வாங்கியவன் நான் ஒருவன்தான் என்பதை மிகுந்த அடக்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

அப்போது யுத்தம் ஐந்தாவது வருஷமாக நடந்துகொண்டிருந்தது. துப்பாக்கியில் குறி பார்க்கிற கண்ணாடிக்குள் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு மெல்லிய கோடு உண்டாம். அதற்குச் சிலந்தி இழைதான் தோதாம். இதைச் சீமையில் யாரோ சொல்லி, டில்லியில் யாரோ கேட்டு, சென்னையில் யாரோ கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். சிலந்தியிடம் இழை வாங்குவதென்றால் அதன் குணம் தெரிய வேண்டும், கண் காது தெரிய வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக அது எப்போது தூங்கும் என்று தெரிய வேண்டும். தூங்குகிறவர்களிடம் வேலை வாங்குவது கஷ்டம் என்பது சர்க்காருக்குச் சொந்த அனுபவத்திலேயே தெரிந்த விஷயம்.

இந்தப் பெரும்பணிக்கு அருப்புக்கோட்டையைப் பொறுக்கி எடுத்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் ஊரில் தறி இல்லாத தெரு குறைவு. அந்த வருஷம் நூல் இருந்த தறி அதைவிடக் குறைவு. நூலுக்குக் கண்ட்ரோல் போட்டிருந்தார்கள். கார்டு வைத்திருக்கிற நெசவாளிக்கு மாதம் ஒரு கட்டு நூல் என்பது சட்டம். ஆறு மாதத்துக்கு ஒரு கட்டு வந்தால் அது அதிர்ஷ்டம். சுற்றிலும் கரிசல் காட்டில் பருத்தி வெடித்துக் கிடந்தது. எம்.ரெட்டியபட்டிப் பக்கமிருந்து பஞ்சு ஏற்றிய வண்டிகள் பாலவனத்தம் வழியாக விருதுநகருக்கு வரிசையாகப் போயின. போன பஞ்சு நூலாகித் திரும்பி வந்ததை யாரும் பார்த்ததில்லை.

ஓடாத தறியில் நூலாம்படை பிடிக்கும். நூலாம்படை பிடித்தால் சிலந்தி குடியிருக்கும். இதைச் சென்னை ரிப்போர்ட்டில், ‘அருப்புக்கோட்டை வட்டாரம் இயற்கையாகவே சிலந்தி வளம் மிக்கது’ என்று எழுதியிருந்தார்கள். எவ்வளவு அழகான வாக்கியம். அதற்குள் பஞ்சமும் இல்லை, பட்டினியும் இல்லை, வளம் மட்டும் இருக்கிறது.

ஆராய்ச்சி அதிகாரியாக ஸ்ரீமான் ராஜகுரு, பி.ஏ. ஆனர்ஸ், பதினாலு பெட்டிகளுடன் வந்து இறங்கினார். அவர் படித்தது சரித்திரம். சிலந்தி சரித்திரத்துக்கும் முந்தியது என்பதால் நியமனம் பொருத்தமாகவே இருந்தது. வந்த மறுநாளே நாற்பது வீடு ஏறி இறங்கி, ரங்கராஜ் வீட்டுத் தறியைத் தேர்ந்தெடுத்தார். அங்கேதான் வலை பெரிது. நடுவில் ஒரு சிலந்தி தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. வயிறு உளுந்து அளவு, கால்கள் தலைமயிர் மாதிரி நீளம். அதற்கு ‘அ.கோ. ஒன்று’ என்று பெயர் வைத்தார்.

ரங்கராஜ் தறி ஓடாததால் திருச்சுழி ரோட்டில் கல் உடைக்கப் போய்விட்டார். வீட்டில் அவர் மனைவி சௌடேஸ்வரி அக்காவும், சிலந்தியும்தான். அக்கா வீட்டுக்குள் கன்னடம், தெருவில் தமிழ். எங்கள் அதிகாரி வந்தால் பெரும்பாலும் இரண்டும் கிடையாது.

அதிகாரி தறியில் ஒரு அட்டை தொங்கவிட்டார். ‘ஆராய்ச்சி முடியும் வரை இந்தத் தறியைத் தொடுவதும், ஆட்டுவதும், இதன் அருகே தும்முவதும் யுத்த முயற்சிக்கு ஊறு.’

நான் படித்துச் சொன்னதும் அக்கா கேட்டாள். “நூலு வந்தா நெய்யணுமேய்யா?”

“நூல் வருமா?”

“வரும்னுதான் சொல்றாக.”

“சொல்கிறவர்கள் சொல்லட்டும் அம்மா. சிலந்தி வந்தே விட்டது.”

அக்கா முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு உள்ளே போனாள்.

என் உத்தியோகம் இதுதான். காலை பத்து மணி முதல் மாலை ஐந்து மணி வரை, கால் மணிக்கு ஒரு தடவை சிலந்தியைப் பார்த்து, தூங்கினால் ‘தூ’ என்றும், விழித்திருந்தால் ‘வி’ என்றும் பதிவேட்டில் போட வேண்டும். நாளுக்கு இருபத்தெட்டுக் கட்டம். முதல் வாரம் சிரத்தையாகப் பார்த்தேன். சிலந்தி ஆடவில்லை, அசையவில்லை. இருபத்தெட்டுக் கட்டத்திலும் ‘தூ’. இரண்டாம் வாரம் முதல் காலை பத்தே காலுக்கெல்லாம் அன்றைய இருபத்தெட்டையும் எழுதி முடித்துவிட்டு ஓய்ந்திருப்பேன். பதிவேட்டைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் யாரோ யார் முகத்திலோ காறித் துப்பியது போலிருக்கும். அதற்கு நான் பொறுப்பல்ல. படிவத்தை அச்சடித்தது சென்னை.

“தம்பி,” என்றாள் அக்கா ஒரு நாள், “அது விளக்கு வைக்கிற நேரத்துக்கு மேலதான் எந்திரிச்சு வேலையைப் பாக்கும். பகல்ல சும்மாத்தான் கெடக்கும். தெனம் பாக்குறேன்ல.”

இதை அதிகாரியிடம் சொன்னேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“மிஸ்டர் லிங்கம், விளக்கு வைக்கிற நேரம் ஆபீஸ் நேரமா?”

“இல்லை சார்.”

“ஆபீஸ் நேரத்துக்கு வெளியே நடப்பது நடந்ததாகுமா?”

“ஆகாது சார்.”

அன்றைக்கே முதலாம் முடிவு சென்னைக்குப் போயிற்று. ‘சிலந்தி வேலை செய்வதே இல்லை.’

அடுத்தது கண். சிலந்திக்கு எட்டுக் கண், ஒன்றுக்கும் இமை கிடையாது. ஆகையால் எட்டையும் திறந்து வைத்துக்கொண்டே தூங்குகிறது என்று அதிகாரி கண்டுபிடித்தார். எங்கள் இலாகாவில் இதை இரண்டு கண்ணை வைத்துக்கொண்டே செய்கிறவர்கள் உண்டு என்றாலும், எட்டை வைத்துச் செய்வது பெரிய சாதனைதான். பார்வை எப்படி என்று அறிய, கண் ஆஸ்பத்திரியில் மாட்டுகிற எழுத்து அட்டையை வரவழைத்துச் சிலந்தி முன்னால் பிடித்தோம். பெரிய எழுத்துக்கும் அது வாயைத் திறக்கவில்லை. இரண்டாம் முடிவு: ‘கண் உண்டு. கல்வி இல்லை.’

பிறகு காது. சுருதிப் பெட்டி கொண்டுவந்து ஒரு மணி நேரம் ஊதினோம். சிலந்தி அசையவில்லை, பக்கத்து வீட்டுக்காரர்தான் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார். அதிகாரிக்கு ஒரு யோசனை தோன்றியது. ஒருவேளை பாஷை தெரியாமல் இருக்கிறதோ? முதலில் இங்கிலீஷில் கூப்பிட்டார். நான் தமிழில் கூப்பிட்டேன். “அம்மா, நீங்கள் வீட்டில் பேசுகிற பாஷையில் கூப்பிடுங்கள்,” என்றார் அக்காவை. அக்காவுக்கு அன்று அடுப்பு பற்றவைக்க ஒன்றும் இல்லை. கன்னடத்தில் ஏதோ ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு, கையிலிருந்த வெறும் பானையைத் தறிக்காலில் ‘ணங்’கென்று வைத்தாள். சிலந்தி கிடுகிடுவென்று ஆடிற்று.

அதிகாரி துள்ளிக் குதித்துவிட்டார். “தாய்மொழி. தாய்மொழி கேட்டதும் உணர்ச்சி வசப்படுகிறது பார்த்தீரா? என்ன சொன்னீர்கள் அம்மா?”

“சும்மா ஒரு பேச்சுய்யா,” என்றாள் அக்கா. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பிலிருந்து அந்த வாக்கியம் சிலந்தியைப் பற்றியதல்ல என்று தெரிந்துகொண்டேன்.

அக்காவே பிறகு என்னிடம் விளக்கினாள். “அதுக்குக் காது ஏது தம்பி? காலாலதான் கேக்கும். தறியில நீட்டிக் கட்டுன பாவுல ஒரு இழை அறுந்தா, நான் தறிக்குழிக்குள்ள ஒக்காந்த மேனிக்கே வெரலை வச்சு எங்கனன்னு சொல்லிருவேன். இதுவும் அப்பிடித்தான். எங்க சாதி அது.” ஓடிப்போய் அதிகாரியிடம் சொன்னேன். அவர் ஒரு நாள் முழுக்க யோசித்து, ‘சிலந்தி காலால் கேட்கிறது என்பதை நான் நீண்ட ஆராய்ச்சிக்குப் பின் கண்டறிந்தேன்’ என்று எழுதினார். நீண்ட ஆராய்ச்சி என்பது உண்மை. அக்கா வீட்டுக்கும் ஆபீஸுக்கும் நாலு பர்லாங்கு.

ஒரு தடவை ரங்கராஜ் கல் உடைக்கிற இடத்திலிருந்து வந்திருந்தார். கையெல்லாம் கொப்புளம். என் பதிவேட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

“எனக்கு ஆறு மாசமாத் தூக்கம் கெடையாதுய்யா. அதுக்கு ஒரு நோட்டு போட்டிருக்காகளா?”

“உமக்குக் கால் எத்தனை?” என்றார் அதிகாரி.

“ரெண்டு.”

“எட்டுக்குத்தான் உத்தரவு.”

இப்படியாக விஞ்ஞானம் நடந்துகொண்டிருக்கையில், ஆடி மாதம் ஒரு திங்கட்கிழமை ஊருக்குள் சேதி வந்தது. நூல் இன்ஸ்பெக்டர் கோட்டைச்சாமி புதன்கிழமை தறி பார்க்க வருகிறார். ஓடுகிற தறிக்கு மட்டும் கார்டு இருக்கும். நூலாம்படை பிடித்த தறி ‘போலித் தறி’. அதன் கார்டு ரத்து. ரத்தானால் யுத்தம் முடிகிறவரை அந்த வீட்டுக்கு ஒரு முழ நூல் கிடையாது.

நூல் இல்லாததால் தறி ஓடவில்லை. தறி ஓடாததால் நூல் இல்லை. இந்தச் சட்டத்தை எழுதியவர் சிலந்தியைவிட நன்றாகப் பின்னத் தெரிந்தவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் எங்கள் ஊர் நெசவாளிகளும் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். இன்ஸ்பெக்டர் வருகிற அன்று விடிந்ததும் தறியைத் துடைத்து, எண்ணெய் போட்டு, குழிக்குள் இறங்கி உட்கார்ந்து, ஒரு இழைகூட இல்லாத தறியை ‘டக் டக்’கென்று ஓட்டுவார்கள். ஊடு நூலைக் கொண்டுபோகிற நாடா, நூலே இல்லாமல் அங்குமிங்கும் பறக்கும். காற்றையே பாவாகவும் காற்றையே ஊடையாகவும் வைத்துத் தெரு முழுக்க நெய்வார்கள். இன்ஸ்பெக்டர் தெருமுனையில் நின்று சத்தத்தைக் கேட்டுவிட்டு, வாசல் வழியாக எட்டிப் பார்த்து, ‘ஓடுகிறது’ என்று எழுதிக்கொண்டு போவார். அவரும் உள்ளே வர மாட்டார், இவர்களும் கூப்பிட மாட்டார்கள். அப்படி ஒரு மரியாதை.

சௌடேஸ்வரி அக்காவுக்குத்தான் அந்த வழியும் அடைந்துவிட்டது. தறியைத் தொடக் கூடாதே. திங்கட்கிழமை மத்தியானமே ஆபீஸுக்கு வந்து நின்றாள்.

“ஐயா, புதங்கெழமை ஒரு நாளைக்கு மட்டும் அதைப் பெட்டியில எடுத்து வச்சுக்கிடுங்க. வியாழங்கெழமை அதே எடத்துல விட்டுருங்க. கைச்சூடுகூடப் படாம நானே எடுத்துத் தாரேன்.”

அதிகாரி கல்நெஞ்சர் அல்ல. உடனே சென்னைக்குத் தந்தி கொடுத்தார். மறுநாள் காலை பதில் வந்துவிட்டது. அவ்வளவு சீக்கிரம் பதில் வந்ததே எங்கள் இலாகாவுக்குப் பெருமை. ‘சிலந்தி விழித்திருக்கும்போது இடம் மாற்றலாம். தூங்கும்போது மாற்றலாகாது. பதிவேட்டைப் பார்த்து நடக்கவும்.’

பதிவேட்டைப் பார்த்தோம். ஆறு மாதத்தில் ஒரு ‘வி’ கூட இல்லை.

“அது தூங்கிக்கொண்டேயிருக்கிறது அம்மா. என்ன செய்வது?” என்றார் அதிகாரி. குரலில் நிஜமான வருத்தம் இருந்தது.

அக்கா என் பக்கம் திரும்பவில்லை. மத்தியானம் நான் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வந்தாள்.

“தம்பி, ஒரே ஒரு எழுத்து. இன்னைக்கு ஒரு கட்டத்துல முழிச்சிருச்சுன்னு போட்டிருங்க. உங்களுக்கு என்ன வந்துரப் போகுது?”

“அக்கா, ஆராய்ச்சியில பொய் எழுதப்படாது.”

“நீங்க பாக்காமலேதான எழுதுறீக? காலையிலயே எழுதி முடிச்சிருறீகளே, நான் பாக்கலைன்னா நெனைக்கிறீக?”

“பாக்காம எழுதுறது பழக்கம்க்கா. மாத்தி எழுதுறதுதான் பொய்.”

சொன்னதும் எனக்கே பிரமாதமாக இருந்தது. ஆவணி மாதம் என் வேலை நிரந்தரமாக வேண்டியிருந்தது. ஆறு மாதம் ஒழுங்காகத் தூங்கிய சிலந்தி என் பதிவேட்டில் திடீரென்று விழித்தால், மேலிடத்திலிருந்து கேள்வி வரும். கேள்வி வந்தால் பழைய கட்டங்களையும் பார்ப்பார்கள். அக்கா ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். எனக்கு மீதிச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் சர்க்கார் ஊழியனுக்கு இறங்காத சோற்றையும் இறக்கத் தெரிய வேண்டும். இறக்கினேன்.

புதன்கிழமை வந்தது. காலையிலேயே நானும் அதிகாரியும் அக்கா வீட்டில் ஆஜர். பதினொரு மணிக்கு இன்ஸ்பெக்டர் தெருமுனைக்கு வந்தார் என்றதும், மற்ற முப்பத்தொன்பது வீட்டுத் தறியும் ஒரே நேரத்தில் ஆரம்பித்தன. டக் டக் டக் டக். சுவரெல்லாம் அதிர்ந்தது. என் நாற்காலி தானாக நகர்ந்தது. அப்படியொரு உற்பத்தியை அருப்புக்கோட்டை எந்தக் காலத்திலும் கண்டதில்லை. ஒரு முழத் துணி வரவில்லை என்பதைத் தவிர வேறு குறை கிடையாது.

அந்த அதிர்வில் எங்கள் சிலந்தி ஆடத் தொடங்கியது. ஆட்டமென்றால் சாதாரண ஆட்டமில்லை. வலையோடு சேர்ந்து சுற்றியது. எட்டுக் காலும் எட்டுத் திசைக்குப் பறந்தது.

அக்கா என் கையைப் பிடித்தாள். “தம்பி, முழிச்சிருக்கு. பாருங்க, முழிச்சிருக்கு.”

நான் அதிகாரியைப் பார்த்தேன். அதிகாரி பதிவேட்டைப் பார்த்தார். பதினொரு மணிக் கட்டத்தில் ‘தூ’ என்று ஏற்கெனவே எழுதி, மை காய்ந்திருந்தது.

“பதிவேட்டின்படி தூங்குகிறது,” என்றார் அதிகாரி மெதுவாக. “ஆனால் ஆடுகிறது. அப்படியானால்...” அவர் முகம் பிரகாசமடைந்தது. “மிஸ்டர் லிங்கம், சிலந்தி கனவு காண்கிறது.”

நாலாம் முடிவு அந்த இடத்திலேயே எழுதப்பட்டது. உலகத்தில் எந்தப் பல்கலைக்கழகமும் எட்டாத உயரம் அது. அக்கா என் கையை விட்டாள்.

கோட்டைச்சாமி தெருவை ‘ஓடுகிறது, ஓடுகிறது’ என்று எழுதிக்கொண்டே வந்தவர், சத்தம் இல்லாத ஒரே வீட்டின் முன் நின்றார். சத்தம் இல்லாத வீட்டுக்குள்தான் அவர் நுழைய வேண்டியிருந்தது.

“என்ன தாயீ, தறி சும்மா கெடக்கு?”

“சும்மா இல்லைய்யா. சர்க்காருதான் தொடப்படாதுன்னுருக்காக. இவுககிட்டயே கேளுங்க.”

அதிகாரி முன்னால் வந்தார். இந்த இடத்தில் அவர் அக்காவுக்கு உதவவே விரும்பினார் என்பதை நான் எந்தக் கோர்ட்டிலும் சொல்லுவேன். “இன்ஸ்பெக்டர்வாள், இது சாதாரணத் தறி அல்ல. எங்கள் இலாகாவின் நேரடிப் பாதுகாப்பில் இருக்கிறது. இதோ, எழுதியே தருகிறேன்.” முத்திரைத் தாளை எடுத்தார். ‘இந்தத் தறி கடந்த ஆறு மாதமாக ஒரு நிமிஷம்கூட ஓட்டப்படவில்லை என்றும், இதிலுள்ள நூலாம்படை ஒரு இழையும் கலையாமல் பேணப்பட்டிருக்கிறது என்றும் இதனால் சான்றளிக்கிறேன்.’ கையெழுத்துப் போட்டு, பெருமையோடு நீட்டினார்.

கோட்டைச்சாமி இரண்டு தடவை படித்தார். பிறகு பத்திரமாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

“பதினஞ்சு வருச சர்வீஸ்ல இம்புட்டுத் தெளிவா யாரும் எழுதிக் குடுத்ததில்ல சார்,” என்றார். “கார்டைக் கொண்டா தாயீ.”

அக்கா கார்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் அதன் மேல் குறுக்கே ஒரு கோடு கிழித்தார். நம்பர் முந்நூற்றுப் பதினெட்டு. அன்று அந்தத் தெருவில் காற்றை நெய்த முப்பத்தொன்பது தறிகளுக்கும் கார்டு நிலைத்தது. நெய்ததாகப் பொய் சத்தம் போடாத ஒரே தறி ‘போலி’ ஆயிற்று.

ஆவணியில் கடைசிப் பரிசோதனை நடந்தது. சிலந்தி தன் இழையில்தான் நெய்யுமா, பருத்தி நூல் கொடுத்தாலும் நெய்யுமா என்று அறிய அதிகாரி ஆசைப்பட்டார். ‘ஆராய்ச்சிக்கு நூல் வேண்டும்’ என்று எழுதிப் போட்டார். அருப்புக்கோட்டையே வருஷக்கணக்காக எழுதிப் போட்டும் வராத நூல், ஒன்பதாம் நாள் எங்கள் ஆபீஸ் மேஜைக்கு வந்தது. புதுக் கட்டு. வெள்ளை வெளேரென்று, பிரிக்காத மில் வாசனையோடு.

அதை அக்கா வீட்டுத் தறி மேலேயே, சிலந்திக்கு எதிரே வைத்தோம். ஏழு நாள் காத்திருந்தோம். அக்கா உள்வாசல் நிலையில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சிலந்தியை அல்ல, நூலை. அவள் விரல்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே இருந்தன, இழையின் நயம் பார்க்கிற மாதிரி. எனக்கு அந்தப் பக்கம் பார்க்கவே முடியவில்லை.

ஏழாம் நாள் கேட்டாள். “தம்பி, அந்தக் கட்டுல ஒரு சீட்டு ஒட்டிருக்கே. என்ன போட்டிருக்கு?”

படித்தேன். “ரத்தான கார்டு நம்பர் முன்னூத்திப் பதினெட்டுக்கு உரிய நூல். ஆராய்ச்சி உபயோகத்துக்கு மாற்றப்பட்டது.”

“எங்க நம்பருல்ல அது?”

“ஆமாக்கா.”

அதிகாரி அந்த நேரத்தில்தான் முடிவை எனக்குச் சொல்லி எழுத வைத்துக்கொண்டிருந்தார். “எழுதும். நூல் கொடுத்துப் பார்த்தோம். நெய்யவில்லை.”

அக்கா நிலையை விட்டு முன்னால் வந்தாள். ஆறேழு மாதத்தில் அதிகாரியின் முகத்தை நேராகப் பார்த்து அவள் பேசியது அன்றுதான்.

“எனக்குக் குடுத்துப் பாத்தீகளாய்யா?”

அதிகாரி என்னிடம் குனிந்து, “இதைக் குறிக்க வேண்டாம்,” என்றார். நான் குறிக்கவில்லை.

ரிப்போர்ட் நூற்றுப் பன்னிரண்டு பக்கம். சென்னையில் அவ்வளவும் படிக்க யாருக்கு நேரம்? கடைசி வாக்கியத்தை மட்டும் படித்தார்கள். அதில் ‘சிலந்தி’ என்ற சொல் விட்டுப்போயிருந்தது. ‘அருப்புக்கோட்டையில் தறி இருந்தும், நூல் கொடுத்தும், நெய்வதற்கு விருப்பமில்லை என்பது நிரூபணமாகிறது.’ அடுத்த மாதமே ஊர் முழுவதற்கும் நூல் பாதியாகக் குறைந்தது. முப்பத்தொன்பது தறிகளும் அதன்பின் சத்தம் போடவில்லை. ரங்கராஜ் வந்து அக்காவையும் கல் உடைக்கிற இடத்துக்கே கூட்டிக்கொண்டு போனார். ராஜகுரு அவர்களுக்குப் பெரிய உத்தியோகம் கிடைத்தது.

அந்தக் கடைசி வாக்கியத்தை முத்து முத்தான கையெழுத்தில் சுத்தப் பிரதி எடுத்தவன் நான். அதற்காகத்தான் என் வேலையை நிரந்தரமாக்கினார்கள். அதற்குத்தான் இன்றைக்கும், ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி, வரிசையில் நின்று பென்ஷன் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.